ஷோ செலவு கார்டில், டிக்கெட் பணம் கையில்

கேள்வி: எனக்கு வயது 33. சிங்கப்பூரில், நிகழ்ச்சிகளுக்கு ஒலி, ஒளி அமைத்துத் தரும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 3,600 வெள்ளி. மசே நிதி (மத்திய சேம நிதி) போக 2,880 வெள்ளி கைக்கு வருகிறது. வாரக்கடைசியில் பார்களில் சவுண்ட் மிக்ஸ் செய்வதில் மாதம் ஒரு 400 வெள்ளி வரும். யீஷூனில் அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். அம்மாவிடம் 600 கொடுத்துவிடுவேன். ஒரு டெத் மெட்டல் (உறுமல் குரலில் பாடும் அதிரடி ராக்) பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறேன். நண்பர்கள் மூவருடன் சேர்ந்து வெளிநாட்டு மெட்டல், ஹார்ட்கோர் பேண்டுகளை வரவழைத்து ஷோ நடத்துகிறோம்.

மூன்று கிரெடிட் கார்டுகளில் 14,200 வெள்ளி கடன் இருக்கிறது. மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டுகிறேன். பெர்சனல் லோன் 20,000 வெள்ளி எடுத்து, கார்டு கடனை அடைத்துவிட்டு, மீதியில் எங்கள் ஆல்பத்தை வினைல் இசைத்தட்டாகப் போடலாம் என்று யோசனை. அக்கா வீட்டுக்காரர் காப்புறுதி முகவர். அவர் சொல்லி மாதம் 300 வெள்ளிக்கு ஒரு ஐஎல்பி (முதலீட்டோடு இணைந்த காப்புறுதி) எடுத்தேன். பாலிசி போன வாரம்தான் வந்தது. 'எல்லாம் இந்தப் பேய்ப் பாட்டால் வந்தது' என்கிறார் அம்மா. பாட்டை நிறுத்தினால்தான் கடன் தீருமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக டூர் வேலைக்குப் போகலாம் என்றும் ஓர் எண்ணம். என்ன செய்யலாம்?

பதில்: அம்மாவிடம் சொல்லுங்கள், பாட்டால் வந்த கடன் இல்லை இது. நீங்கள் இணைத்து அனுப்பியிருந்த ஆறு மாதக் கணக்கைப் பார்த்தேன். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் வாங்கும் டீ-ஷர்ட், ஜப்பானிலிருந்து வரவழைக்கும் ரெக்கார்டு எல்லாம் சேர்த்து மாதம் 150 வெள்ளிதான். ஜாமிங் ஸ்டூடியோவுக்கு உங்கள் பங்கு 120. கல்யாணம் ஆகாத, சம்பாதிக்கிற ஒருவர் தனக்குப் பிடித்த விஷயத்துக்கு 270 வெள்ளி செலவழிப்பது ஊதாரித்தனம் இல்லை. ஹெட்போன் ஒன்றுக்கு அதைவிட அதிகம் கொடுப்பவர்கள் எனக்கு எழுதுகிறார்கள், அவர்களுக்குக் கடன் இல்லை.

உங்கள் வரவு 3,280. அம்மாவுக்கு 600, சாப்பாடு போக்குவரத்து போன் எல்லாம் 900, ஜாமிங்கும் ரெக்கார்டும் 270, ஐஎல்பி 300, கார்டு மினிமம் 426. மொத்தம் 2,496. அப்படியானால் மாதம் 784 வெள்ளி மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை, கடனும் ஏறுகிறது. எங்கே போகிறது என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களே அனுப்பிய அந்த பேங்காக் பேண்ட் ஷோவின் கணக்கில் அது தெரிகிறது.

அந்த ஷோவுக்கு ஆன செலவு: இடவாடகை 900, நான்கு பேருக்கு விமான டிக்கெட் 880, பேண்டுக்குப் பேசிய கேரண்டி (எத்தனை பேர் வந்தாலும் தர வேண்டிய தொகை) 1,200, ஹோட்டல் 350, டிரம்செட்டும் ஆம்ப்பும் வாடகைக்கு 400, போஸ்டர் முதலியவை 120. ஆக 3,850 வெள்ளி, முழுவதும் உங்கள் கார்டில். டிக்கெட் 35 வெள்ளி வீதம் 82 பேர் வாங்கினார்கள். 2,870 வந்தது. நஷ்டம் 980.

இதில் நீங்கள் எழுதாத ஒரு செலவு இருக்கிறது. வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் 15% பிடித்து உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குக் கட்ட வேண்டியது பணம் கொடுப்பவரின் பொறுப்பு. முன்பு சலுகையாக 10% இருந்தது. 2022 ஏப்ரலிலிருந்து 15% ஆகிவிட்டது. பேண்டுக்கு முழு 1,200ஐயும் கொடுத்துவிட்டீர்கள் என்பதால் அந்த 180 உங்கள் தலையில்தான். ஆக நஷ்டம் 1,160. இதுவரை கட்டவில்லை என்றால் ஆணையத்தைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்துக் கேட்கும்போது அபராதமும் சேர்ந்து வரும்.

நால்வர் சேர்ந்து நடத்திய ஷோ, ஆளுக்கு 290. ஒருவர் கொடுத்தார். மற்ற இருவர், 'ப்ரோ, அடுத்த மாசம்' என்று சொல்லி எட்டு மாதமாகிறது. அதாவது நால்வர் நஷ்டத்தில் மூன்று பங்கு, 870 வெள்ளி, உங்களுடையதாகிவிட்டது.

இதைவிட மோசமானது அடுத்தது. செலவு போனது கார்டில். டிக்கெட் பணம் வந்தது பேநவ் என்ற கைபேசிப் பணமாற்று வழியாக, உங்கள் சொந்த சேமிப்புக் கணக்குக்கு. அந்த 2,870 வெள்ளி அன்றிரவே கார்டுக்குப் போயிருந்தால் கடன் 980தான் ஏறியிருக்கும். அது போகவில்லை. கணக்கில் பணம் இருப்பதாகத் தெரிந்ததால், ஷோ முடிந்து இரவு ஒரு மணிக்குப் பதினைந்து பேருக்கு புரோட்டா, தே தாரிக், வீடு போக கிராப் டாக்சி எல்லாம் நீங்களே கொடுத்தீர்கள். அடுத்த வாரம் ஜப்பான் விழாவுக்கு ஐந்து பேருக்கு டிக்கெட் போட்டீர்கள், 'அப்புறம் கொடுத்துடுவாங்க' என்று. கார்டு பில் வந்தபோது கணக்கில் பணம் இல்லை, மினிமம் கட்டினீர்கள். உங்களைக் கெடுப்பது இந்த ஒரு பழக்கம்தான்: எல்லாருக்காகவும் முதலில் நீங்கள் கார்டைத் தேய்ப்பது, திரும்பி வரும் பணத்தைச் சம்பளம் மாதிரி செலவழிப்பது.

அதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் தெரியுமா? கார்டு வட்டி ஆண்டுக்கு 27% என்று வைத்துக்கொள்வோம். 14,200க்கு வருடம் 3,800 சொச்சம், மாதம் 320. நீங்கள் கட்டும் 426இல் 320 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது 106. அடுத்த ஷோவுக்கு டிரம்செட் வாடகை போட்டால் அதுவும் போச்சு.

சரி, லோன் விஷயம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 14,200க்கு மட்டும் என்றால் எடுக்கலாம். 20,000க்கு இல்லை. ஒரு பேச்சுக்கு, விளம்பரத்தில் 3.5% என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். கீழே பொடி எழுத்தில் இருக்கும் ஈஐஆர்தான் நீங்கள் கொடுக்கப் போகும் உண்மை வட்டி, அது 6.5%ஐத் தாண்டும். அப்படி இருந்தும் 27% எங்கே, இது எங்கே! இரண்டு வருடத் தவணை என்றால் 14,200க்கு வட்டி சுமார் 1,000, மாதத் தவணை ஏறக்குறைய 633. இப்போது கட்டும் 426க்கு மேல் 207 வெள்ளி வேண்டும். ஐஎல்பிக்குப் போகும் 300ஐ இங்கே திருப்பினால் அது போக மீதியே இருக்கிறது.

நிபந்தனை ஒன்று. லோன் பணம் வந்த அன்றே மூன்று கார்டையும் அடைத்து, இரண்டை ரத்து செய்யுங்கள். மிஞ்சும் ஒரு கார்டின் வரம்பை 1,500க்குக் குறைக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யத் தயக்கமாக இருந்தால் லோனே எடுக்காதீர்கள். காலி கார்டுகளோடு லோனும் சேர்ந்தால், அடுத்த வருடம் 28,000 கடனோடு எனக்கு எழுதுவீர்கள். கடனை ஒன்றிணைக்கும் திட்டம் என்று வங்கிகள் விற்பது உங்களுக்குப் பொருந்தாது. மாதச் சம்பளத்தைப் போல் 12 மடங்குக்கு மேல் கடன் இருப்பவர்களுக்கு அது. வங்கி லோன் தர மறுத்தால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்புக்குப் போங்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைப் பக்கம் போக வேண்டாம். சட்டப்படி நடக்கிற கடையே மாதம் 4% வட்டி வாங்கலாம், முன்கூட்டியே 10% கட்டணமும் பிடிக்கலாம். 3,000 கேட்டால் 2,700தான் கைக்கு வரும்.

வினைலுக்கு 300 பிரதி, கப்பல் செலவு, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 5,800 வெள்ளி என்று விலை வாங்கியிருக்கிறீர்கள். ஒன்று 40 வெள்ளிக்கு விற்றால் 145 பிரதி போக வேண்டும், முதல் திரும்பி வர. போன முறை போட்ட 100 கேசட்டில் 41 இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முன்பதிவு திறந்து பாருங்கள். 120 பேர் பணம் கட்டினால் அச்சுக்குக் கொடுங்கள், கட்டாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு, உங்கள் சேமிப்புக் கணக்கு வேண்டவே வேண்டாம்.

ஷோ நடத்துவதையும் நிறுத்தச் சொல்லவில்லை. நம் ஊர் ருத்ரா 1992இல் தொடங்கிய மெட்டல் பேண்ட். இன்னொரு உள்ளூர் பேண்டான வோர்ம்ராட் 2017இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா மேடை ஏறியது. சின்ன ஹாலில் யாரோ ஷோ போடாவிட்டால் இந்த ஊரில் எந்த பேண்டும் வளராது. ஆர்மீனியன் தெருவில் இருந்த சப்ஸ்டேஷன் கலை மையம் 2021இல் கட்டடத்தைக் காலி செய்த பிறகு இடம் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆனால் நால்வர் நடத்தும் ஷோவுக்கு நால்வர் பணம் வேண்டும். ஷோவுக்கென்று தனியாக ஒரு கணக்கு திறங்கள். ஆளுக்கு 1,000 வெள்ளி அதில் விழுந்த பிறகுதான் விமான டிக்கெட் எடுக்க வேண்டும். மூன்று பேர்தான் போட்டார்கள் என்றால் அந்த ஷோ இல்லை. இதைச் சொன்னால் ஒரு நண்பர் கோபித்துக்கொள்வார். யார் என்று உங்களுக்கே தெரியும், எட்டு மாதமாக 290 தராதவர்களில் ஒருவர்.

டிக்கெட் பணம் நேராக அந்தக் கணக்குக்கு வரட்டும். பேங்காக் ஷோவில் மொத்தச் செலவு வரியோடு 4,030. 35 வெள்ளி டிக்கெட்டில் 116 பேர் வந்தால்தான் முதலுக்கு மோசமில்லை. உங்கள் கூட்டம் 80, 90 என்று நிற்கும்போது 1,200 கேரண்டி பேசியது தவறு. 600 கொடுத்து, 100 பேருக்கு மேல் வந்தால் மேலே வருவதில் பங்கு என்று பேசுங்கள். நிறைய பேண்டுகள் ஒத்துக்கொள்ளும். தேசியக் கலைகள் மன்றம் நிகழ்ச்சிகளுக்கு மானியம் தருகிறது, விண்ணப்பித்துப் பாருங்கள். மெட்டல் என்றால் தர மாட்டார்கள் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ஷோ ரத்தானால் யார் பணம் என்பதையும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 2019 மார்ச்சில் ஸ்வீடன் பேண்ட் வாட்டெய்னின் ஷோ, நடக்க இருந்த அன்றே அதிகாரிகளால் ரத்து செய்யப்பட்டது நினைவிருக்கும். அனுமதி கிடைக்கும் முன் திரும்பப் பெற முடியாத டிக்கெட், ஹோட்டல் எதுவும் போட வேண்டாம்.

நண்பர்களிடம் இருக்கும் பாக்கி மொத்தம் 5,300 என்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: எந்த ஷோ, எவ்வளவு, மாதம் 100 கொடுத்தாலும் சரி. குரூப்பில் போட்டு மானத்தை வாங்க வேண்டாம். பாதி வந்தால் நல்லது, கணக்கில் அதையும் சேர்க்க வேண்டாம். ஓர் ஈவென்ட் கம்பெனி நீங்கள் செய்த சவுண்ட் மிக்ஸிங்குக்கு இன்னும் தர வேண்டிய 1,150 வேறு கதை, அது உழைத்த கூலி. மெசேஜில் ஒத்துக்கொண்ட தொகை, வேலை செய்த தேதி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் போடலாம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இனி அத்தான். ஐஎல்பியை எனக்குப் பிடிக்காது, அதை மறைக்கப் போவதில்லை. முதல் சில வருடத்துக் கட்டணமும் கமிஷனும் போக முதலீட்டுக்கு எவ்வளவு போகிறது என்று பாலிசிப் புத்தகத்தில் ஓர் அட்டவணை இருக்கும். அதை அத்தானையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 27% வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு மாதம் 300 முதலீடு செய்வதில் எந்தப் புத்திசாலித்தனமும் இல்லை. பாலிசி கைக்கு வந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ரத்து செய்யலாம். பணம் திரும்ப வரும். நிதியின் மதிப்பு இறங்கியிருந்தால் கொஞ்சம் குறையும். போன வாரம் வந்தது என்கிறீர்கள். ஆகவே இதைப் படித்ததும் முதல் வேலை அதுதான். நிறுவனத்துக்கு நேராக எழுதுங்கள், அத்தானிடம் கொடுத்தால் அவர் அக்காவை விட்டுப் பேச வைப்பார். அப்பா அம்மாவுக்காகக் காப்புறுதி வேண்டுமென்றால் முகவர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டெர்ம் பாலிசி இருக்கிறது, 400,000 வெள்ளி வரை, கமிஷன் கிடையாது.

வேலையை விடுவது இப்போது வேண்டாம். 3,600க்கு முதலாளி போடும் 17% மசே நிதி மாதம் 612 வெள்ளி. டூர் வேலைக்குப் போனால் அது யாரும் போட மாட்டார்கள், வீடு வாங்கும்போது தெரியும். லோன் முடிய இரண்டு வருடம். அதற்குள் ஆறு மாதச் செலவு, ஒரு 12,000, சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் சேர்ந்திருந்தால் மறுபடி எழுதுங்கள், அப்போது பேசலாம். 500 வெள்ளி இருந்தாலே அதில் போடலாம், எந்த மாதமும் எடுக்கலாம். இடையில் டூர் வாய்ப்பு வந்தால் ஆண்டு விடுப்பில் போய் வாருங்கள், டிக்கெட்டை கூப்பிடுகிற பேண்ட் எடுக்கட்டும்.