ரஷ்யன் எங்கே போனான்?

அன்புள்ள அக்காவுக்கு,

கோவையில் வேலை பார்க்கிறேன். நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நீங்கள் எப்போதோ ஒரு கட்டுரையில் 'தி சோப்ரானோஸ்' என்ற அமெரிக்க மாஃபியா தொடரைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு பகுதி என்று ஆரம்பித்து, 86 பகுதிகளையும் மூன்று மாதத்தில் முடித்தோம். முடித்த நாளிலிருந்து வீட்டில் சண்டை.

கடைசிக் காட்சியில் மாஃபியா தலைவன் டோனி குடும்பத்தோடு கடையில் உட்கார்ந்திருக்கிறான். மகள் கதவருகே வருகிறாள். இவன் நிமிர்ந்து பார்க்கிறான். திரை கறுப்பாகிவிடுகிறது. சுடப்பட்டுவிட்டான் என்று இரண்டு பேர். இல்லை, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பான் என்று இரண்டு பேர். நான் இந்த இரண்டாம் கட்சி. இது போதாதென்று, டோனியின் ஆள் கிறிஸ்டோபரின் காதலி ஏட்ரியானா சாகவே இல்லை என்கிறான் ஒருவன். குண்டு படுவதைக் காட்டவில்லையாம். இன்னொருவனுக்கு அந்த ரஷ்யன்தான் கவலை. காட்டுக்குள் ஓடியவன் என்ன ஆனான், அதைக்கூடச் சொல்லாமல் ஒரு தொடரை முடிக்கலாமா என்று கேட்கிறான். டோனி விஷயத்தில் தோற்கிற கட்சி ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும் என்று பந்தயம். நீங்கள் சொல்லும் தீர்ப்பை ஏற்பதாக நால்வரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ச.

*

அன்புள்ள தம்பி ச.,

நான்கு ஆண்பிள்ளைகள் பாத்திரம் கழுவுவது என் கையில் இருக்கிறது என்றதும் பொறுப்பு கூடிவிட்டது. (தொடரைப் பார்க்காதவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம். இனி வரிசையாக எல்லோருடைய சாவையும் சொல்லப்போகிறேன்.)

அந்த முடிவை நான் முதலில் பார்த்தது வாடகைக்கு எடுத்த டிவிடியில். திரை கறுத்ததும், தட்டில் கீறல் என்று நினைத்துவிட்டேன். வெளியே எடுத்து முந்தானையால் நன்றாகத் துடைத்துப் போட்டால் மறுபடியும் அதே இடத்தில் கறுப்பு. மூன்றாவது தடவை அலுத்துப்போய் அப்படியே விட்டபிறகுதான், சத்தமே இல்லாத அந்தப் பத்துச் சொச்சம் விநாடிக்கு அப்புறம் பெயர்கள் ஓடுவதைப் பார்த்தேன். அமெரிக்காவில் 2007 ஜூன் 10 இரவு ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். கேபிள் போய்விட்டதென்று தொலைக்காட்சிப் பெட்டியைத் தட்டியவர்கள் அதில் நிறையப் பேர். ஆக, நான் ஒன்றும் தனி முட்டாள் இல்லை.

முதலில் தீர்ப்பு. டோனி செத்துவிட்டான் என்பதுதான் என் கட்சி. உங்கள் கை சோப்பு நுரையில்.

காரணம் சொல்கிறேன். அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். நியூ ஜெர்சியில் ப்ளூம்ஃபீல்ட் என்ற ஊரில் உள்ள ஹோல்ஸ்டன்ஸ் ஐஸ்கிரீம் கடை அது. கதவு திறக்கும்போதெல்லாம் மணி ஒலிக்கும். மணி ஒலிக்கிறது, டோனி நிமிர்கிறான், அடுத்து அவன் கண்ணில் படுவது நமக்குக் காட்டப்படுகிறது. ஒரு பெண் வருகிறாள். மனைவி கார்மெலா வருகிறாள். மகன் ஏ.ஜே. வருகிறான். மணி, முகம், காட்சி. இந்த வரிசைக்கு நம்மைப் பழக்கிவிடுகிறார் தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ். வெளியே காரை நிறுத்தத் தெரியாமல் முன்னும் பின்னுமாக மல்லாடிக்கொண்டிருந்த மகள் மெடோ ஓடி வருகிறாள். மணி ஒலிக்கிறது. டோனி நிமிர்கிறான். அடுத்து வரவேண்டியது அவன் பார்ப்பது. வருவது கறுப்பு. ஜூக்பாக்ஸ் பாட்டு பாதி வரியில் அறுந்துவிடுகிறது.

சற்று முன்பு ஒருவன் இவனைப் பார்த்தபடியே கழிப்பறைக்குப் போயிருக்கிறான். நடிகர் பட்டியலில் அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது, போட்டிருக்கும் ஜாக்கெட்டை வைத்துத்தான் குறிப்பிடுகிறார்கள். தொடர் முடிந்த வாரமே, 'அவன் டோனியின் எதிரி ஃபில் லியோடார்டோவின் உறவினன், முன்பே ஒரு பகுதியில் வந்திருக்கிறான்' என்று ரசிகர்கள் கிளப்பிவிட்டார்கள். அது வெறும் புரளி. அந்த மனிதர் அதற்கு முன் தொடரில் வந்ததே இல்லை. ஆனால் ரசிகர்களைக் குறை சொல்லமாட்டேன். மணியின் வரிசையை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்துப்போட்டு எழுதியவர்களும் அவர்கள்தான். நான் மேலே சொன்னது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை.

இன்னொன்று. கடைசி ஒன்பது பகுதிகளின் தொடக்கத்தில் ஏரியில் படகில் உட்கார்ந்துகொண்டு டோனியின் அக்கா புருஷன் பாபி சொல்கிறான், அது (அதாவது சாவு) நடக்கும்போது நமக்குச் சத்தம்கூடக் கேட்காதாம். கடைசிக்கு முந்தைய பகுதியில், துப்பாக்கியை அணைத்துக்கொண்டு படுத்திருக்கும் டோனிக்கு அது நினைவுக்கு வருகிறது. இத்தனை தூரம் நினைவூட்டுவது வீணாக இருக்காது. (சொன்ன பாபிக்கே அந்தக் கொடுப்பினை இல்லை. பொம்மை ரயில் கடையில், சுட வந்தவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் செத்தான், பாவம்.)

சேஸ் பல வருடம் பிடிகொடுக்கவில்லை. பிறகு 2021இல் ஒரு பேட்டியில், டோனி ஒரு சந்திப்புக்காக நியூயார்க்குக்குக் காரில் போவதாகவும், அங்கே அவன் கொல்லப்படுவான் என்பதாகவும் முடிக்கத்தான் முதலில் நினைத்திருந்ததாகச் சொன்னார். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அவன் நியூயார்க்கிலிருந்து சுரங்கப்பாதை வழியாக வீட்டுக்கு வருவான் அல்லவா, அதைத் திருப்பிப் போடுவது. அப்புறம் ஒருநாள் சாலையோரம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையைப் பார்த்தபோது, இவன் கதை இப்படியொரு இடத்தில் முடிய வேண்டும் என்று தோன்றியதாம். இதை வைத்துப் பந்தயம் கட்டியவர்களுக்குப் பணம் கொடுத்துவிடலாம். ஆனால் படைத்தவர் பேட்டியில் சொன்னதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. திரையில் இருப்பது போதும்.

போதும் என்பதைவிட, திரையில் இருப்பதை அந்தக் கறுப்பு மறைத்துவிட்டது என்றே சொல்வேன். எல்லோரும் அந்தப் பத்து விநாடியையே துருவுகிறார்கள். அதே மேஜையில், அதற்குச் சில நிமிடம் முன்பு நடக்கும் ஒரு சின்னப் பேச்சை யாரும் பந்தயத்துக்கு எடுப்பதில்லை.

1999இல் வந்த முதல் சீசனின் கடைசிக் காட்சி நினைவிருக்கிறதா? வெளியே பெருமழை. ஆர்ட்டியின் உணவகத்தில் மின்சாரம் இல்லை, மெழுகுவத்தி எரிகிறது. டோனி கோப்பையை உயர்த்திப் பிள்ளைகளிடம் சொல்கிறான்: உங்களுக்கும் ஒருநாள் குடும்பம் வரும், கொடுத்துவைத்திருந்தால் இதுபோன்ற சின்னச் சின்ன நல்ல நேரங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 86 பகுதிகளில் அந்த மனிதன் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை என்று ஒன்றைப் பொறுக்கினால் நான் அதைத்தான் பொறுக்குவேன்.

ஹோல்ஸ்டன்ஸில் ஏ.ஜே. அதைத் திருப்பிச் சொல்கிறான். நல்லதாக இருந்த நேரங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாயே அப்பா என்கிறான். டோனி கேட்கிறான்: "நானா சொன்னேன்?"

எல்லோரும் மக்கு என்று தள்ளிவைத்த பையன் எட்டு வருடம் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறான். சொன்னவனுக்கு ஞாபகம் இல்லை.

இப்போது அதே பகுதியில், கொஞ்ச நேரம் முன்பு டோனி தன் பெரியப்பா ஜூனியரைப் பார்க்கப் போகும் காட்சியை எடுத்துப் பாருங்கள். ஜூனியர் புத்தி தவறி அரசு விடுதியில் சக்கர நாற்காலியில் இருக்கிறார். யாரோ என்று நினைத்து இதே டோனியை வயிற்றில் சுட்டவர். அதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. டோனி குனிந்து, நீங்களும் என் அப்பாவும் சேர்ந்து வடக்கு ஜெர்சியையே ஆண்டீர்கள் என்கிறான். "நாங்களா?" என்கிறார் கிழவர். ஆமாம் என்றதும், "நல்லது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். டோனிக்குக் கண் கலங்குகிறது, எழுந்து போய்விடுகிறான். "நாங்களா?", அப்புறம் "நானா?" இரண்டையும் ஒரே பகுதியில் வைத்திருக்கிறார்கள். டோனி என்ன ஆனான் என்று கேட்டால் இந்த இரண்டு கேள்விகளைத்தான் நான் காட்டுவேன். குண்டு பட்டதா என்பது அதற்கு அடுத்த விவரம்.

ஏட்ரியானாவுக்கு வருகிறேன். உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள், அவள் செத்துவிட்டாள். ஆனால் அவர் அப்படி நினைக்கும்படி தொடரே செய்கிறது என்பதும் உண்மை. ஐந்தாம் சீசனில் அந்தப் பகுதியில், சிவப்புப் பெட்டியோடு அவள் தன் காரை ஓட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் தப்பிப்போவதை முதலில் காட்டுகிறார்கள். அப்பாடா என்று நாம் மூச்சு விடும்போது, அவள் டோனியின் கையாள் சில்வியோவின் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். தப்பித்தது அவள் நினைப்பில் மட்டும். அவள் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்தது தெரிந்துவிட்டதால், கிறிஸ்டோபர் தற்கொலைக்கு முயன்றான், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று டோனி போனில் பொய் சொல்லி வரவழைத்திருக்கிறான். கார் மரங்களுக்கு நடுவே திரும்பியதும் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. சருகில் தவழ்ந்து போகிறாள். கேமரா கூடவே போவதில்லை. சத்தம் மட்டும் கேட்கிறது.

எத்தனையோ மண்டைகளை உடைத்துக் காட்டிய தொடர், இவள் உடம்பை மட்டும் காட்ட மறுக்கிறது. மரியாதை என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் நண்பர் அதைப் பிழைத்ததற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார். தப்பில்லை, அவள்மேல் உள்ள பிரியம்தானே.

ஆனால் அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். அவள் காரை விமானநிலையத்தில், நெடுநாள் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் விடுகிறான் அவள் கட்டிக்கொள்ளவிருந்தவன். விட்டுவிட்டு ஓடிப்போனாள் என்று எல்லோருக்கும் கதை சொல்லியாகிறது. கார்மெலாவுக்கு மட்டும் உறுத்துகிறது. பாரிஸ் போனபோது கனவில் ஏட்ரியானா வருகிறாள். அவள் இறந்துவிட்டாள் என்பதை யாராவது அவளிடமே சொல்ல வேண்டும் என்று ஒரு போலீஸ்காரர் கார்மெலாவிடம் சொல்கிறார். ஊருக்கு வந்ததும் துப்பறிபவரை வைத்துத் தேடப்போகிறேன் என்கிறாள் கார்மெலா. டோனி என்ன செய்கிறான்? மிரட்டவில்லை, கத்தவில்லை. அவள் கட்டி விற்க ஆரம்பித்து, அதிகாரி அனுமதி தராமல் நின்றுபோயிருந்த வீட்டு வேலைக்கு வழி பண்ணிக்கொடுக்கிறான். அவ்வளவுதான். செங்கல், மரம், ஆள் என்று அவள் அலைய ஆரம்பித்ததும் ஏட்ரியானா காணாமல் போய்விடுகிறாள். இரண்டாம் தடவை. முதல் தடவை கொன்றது சில்வியோ. இந்தத் தடவை யார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, கார்மெலாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்டோபர் விபத்தில் நொறுங்கிய காரில் கிடந்தபோது டோனி மூக்கைப் பிடித்தே முடித்துவிட்டான், பிறகு நிம்மதியாகச் சூதாட லாஸ் வேகஸ் போனான். சில்வியோ கோமாவில், மருத்துவர்கள் கைவிட்டாயிற்று. ஃபில் பெட்ரோல் பங்கில் பேரக்குழந்தைகள் முன்னால் சுடப்பட்டு, கியரில் நின்ற சொந்தக் காரின் சக்கரத்திலேயே தலையைக் கொடுத்தான். செய்தி கேட்டு எஃப்.பி.ஐ. அதிகாரி ஏதோ கிரிக்கெட் ஜெயித்ததுபோலத் துள்ளுவது எனக்குப் பிடித்த காட்சி. டோனியின் மனநல மருத்துவர் மெல்ஃபி அவனுக்குக் கதவைச் சாத்தினார், அதுவும் சக மருத்துவர்கள் குத்திக்காட்டிய பிறகு. டோனியின் இன்னொரு ஆள் பாலி வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான், கிறிஸ்டோபரின் படத்தையே முறைத்துக்கொண்டிருந்த பூனை பக்கத்தில். கூட்டாளி கார்லோ அரசுத் தரப்புக்குப் போய்விட்டதால், டோனி பிழைத்திருந்தாலும் வழக்கு நிச்சயம் என்பதுபோல்தான் வக்கீலே சொல்கிறார். உங்கள் கட்சிக்கு இதைத் தவிர வேறு ஆறுதல் என்னிடம் இல்லை.

அந்தக் கடையில் அவர்கள் உட்கார்ந்த மேஜையும் இருக்கைகளும் 2024இல் இணைய ஏலத்துக்கு வந்தன. 82,600 டாலருக்குப் போயின. டோனியாக நடித்த ஜேம்ஸ் காண்டோல்பினி 2013இலேயே, 51 வயதில், ரோமில் மாரடைப்பில் போய்விட்டார்.

கடைசியாக ரஷ்யன். மூன்றாம் சீசனில் பைன் பேரன்ஸ் காட்டில் நடப்பது. பணம் வாங்கப்போன இடத்தில் பாலி வேண்டுமென்றே வம்பிழுத்து, அந்த ரஷ்யன் வலேரியைச் செத்தவன் என்று நினைத்து டிக்கியில் போட்டுக் காட்டுக்குக் கொண்டுபோக, அவன் உயிரோடு எழுந்து, குழிவெட்டக் கொடுத்த மண்வெட்டியாலேயே அடித்துவிட்டு ஓடுகிறான். பாலி சுடுகிறான். தலையில் பட்டதுபோல் இருக்கிறது. ஆனால் ரத்தத்தடம் போய் முடியும் இடத்தில் ஆள் இல்லை. அவன் ரஷ்ய உள்துறை அமைச்சகத்தில் இருந்தவன், 16 செச்சென்களைக் கொன்றவன் என்று டோனி போனில் எச்சரிப்பது பாலிக்குச் சரியாகக் கேட்காமல், ஆள் உள் அலங்காரம் செய்கிறவனாம், 16 செக்கோஸ்லோவாக்கியர்களைக் கொன்றானாம் என்று கிறிஸ்டோபரிடம் ஒப்பிப்பான். வீடு கேவலமாக இருந்ததே என்பான் அவன். நான் இன்னமும் சிரிக்கிறேன்.

அவன் என்ன ஆனான் என்று ரசிகர்கள் சேஸைக் கேட்டுக் கேட்டே சலிப்பூட்டினார்கள். எனக்கு வேறு ஒன்றுதான் கண்ணில் படுகிறது. அவன் பிழைத்து வந்தால் பொறுப்பு உன்னுடையது என்று பாலியிடம் கறாராகச் சொன்ன டோனி, அவனைத் தேட யாரையும் அனுப்பவில்லை. நீங்கள் நால்வரும் அவனைப் பற்றி யோசித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவர்கள் யோசிக்கவில்லை.

அன்று காட்டோரம் நிறுத்திய பாலியின் காரும் விடிவதற்குள் காணாமல் போனது. ரஷ்யனுக்காகக் கவலைப்படும் உங்கள் நண்பரை அதையும் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள். காரைப் பற்றி இதுவரை எனக்கு ஒருவரும் கடிதம் எழுதியதில்லை.

அன்புடன்,
அக்கா