அப்பாவின் கையெழுத்தில் இசைக்குறி எழுத்துரு: தண்டு ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: கிருஷ்ணகிரியில் கீபோர்டு சொல்லித் தருகிறேன். எங்கள் ஆலயப் பாடகர் குழுவை அப்பா முப்பது வருடம் நடத்தினார். நான்கு குரலுக்கும் அவரே கையால் எழுதிய நொட்டேஷன் ஒரு பீரோ நிறைய இருக்கிறது. அதே கையெழுத்து மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் வர வேண்டும் என்று ஆசை. ஸ்கேன் செய்து எழுத்துருவும் செய்து பார்த்தேன். சுரக்குறியின் உருண்டைத் தலை மட்டும் அப்பா போட்டது போல இருக்கிறது, மற்றதெல்லாம் கம்ப்யூட்டர்தான். செங்குத்தாக நிற்கும் தண்டும் தலையோடு ஒட்டவில்லை. எங்கே தவறு?

பதில்: ஓர் இசைப் பக்கத்தில் எழுத்துரு வரைவது கொஞ்சம்தான். ஐந்து கோடு, தண்டு, குவேவர் என்ற கொடி வைத்த குறிகளைச் சேர்க்கும் பட்டை, தாள அளவைப் பிரிக்கும் பார் கோடு, குறிகளை இணைக்கும் வளைவான ஸ்லர் எல்லாம் மென்பொருள் தானே இழுப்பவை. அப்பா போட்ட தலைக்குப் பக்கத்தில் யாரோ ஸ்கேல் வைத்து இழுத்த கோடு நிற்கிறது. இந்த இரண்டுக்கும் ராசி பண்ணி வைப்பதுதான் வேலை.

அதற்கு இசை எழுத்துருக்களுக்கான ஒரு பொது ஒப்பந்தம் இருக்கிறது: ஸ்மூஃபல். ஸ்டெய்ன்பர்க் நிறுவனத்தில் டேனியல் ஸ்ப்ரெட்பரி 2013இல் கொண்டுவந்தது. எந்தக் குறி எந்த எண்ணில் உட்கார வேண்டும், எந்த அளவில் வரைய வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. எழுத்துருவோடு, அளவுகளை எழுதிவைக்கும் ஒரு ஜேசான் கோப்பும் (சாதாரண உரைக் கோப்புதான்) சேர்ந்து போக வேண்டும். உங்கள் சிக்கலுக்கு மருந்து அந்தக் கோப்பில்தான். மொத்தக் குறிகள் இரண்டாயிரத்துக்கும் மேல் என்று பார்த்து மலைக்க வேண்டாம். பாடகர் குழுவுக்கு அறுபது குறி தாராளம். வரையாத குறிக்கு மென்பொருள் தன் சொந்த எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும்.

முதலில் அளவு. ஸ்மூஃபலில் ஐந்து கோட்டின் மொத்த உயரம் ஒரு எம், அதாவது எழுத்துருவின் முழு அளவு. எழுத்துரு செய்யும் ஃபாண்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் எம்மை 1000 என்று வைத்தால், இரண்டு கோட்டுக்கு நடுவே ஓர் இடைவெளி 250. அப்பாவின் நோட்டில் அந்த இடைவெளி 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேனில் அது சுமார் 47 பிக்சல். ஆகவே எல்லாக் குறியையும் ஒரே சீராக 5.3 மடங்கு பெருக்குங்கள். கண்ணளவில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினால் பேனாவின் தடிமன் குறிக்குக் குறி மாறிவிடும்; பத்துப் பேர் சேர்ந்து எழுதிய பக்கம் மாதிரி ஆகிவிடும்.

அடுத்து, எந்தத் தலையை எடுப்பது? எல்லோரும் இருப்பதிலேயே அழகானதை, நிப்பு கொஞ்சம் இழுத்து வால் விட்டதை எடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன். அந்த வால் பக்கத்தில் இருநூறு தடவை அச்சு மாறாமல் வந்து நின்றபோதுதான் புத்தி வந்தது. ரப்பர் ஸ்டாம்பு குத்தியது போல இருந்தது. பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவம் மாறும் ஓப்பன்டைப் வித்தையும் இங்கே எடுபடாது. மென்பொருள் ஒவ்வொரு தலையையும் தனித்தனியாகத்தான் வைக்கிறது. முப்பது தலைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் விழுவதுதான் அப்பாவின் தலை. உங்கள் ஊர் மாம்பழ மண்டியில் கூடையின் மேலே அடுக்கிய பழத்தைப் பார்த்து விலை பேச மாட்டீர்கள் அல்லவா? இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டிரேஸ் செய்ததும், அதாவது ஸ்கேனை வெளிக்கோடாக மாற்றியதும், ஐம்பது புள்ளி வரும், ஏழெட்டாகக் குறையுங்கள். சாய்வு நிற்கட்டும், காகிதத்தின் சொரசொரப்பு போகட்டும்.

இப்போது தண்டு. ஜேசானில் ஒவ்வொரு தலைக்கும் இரண்டு ஒட்டும் புள்ளி தர வேண்டும். ‘ஸ்டெம்அப்எஸ்இ’ என்பது மேலே போகும் தண்டின் வலது கீழ் மூலை. ‘ஸ்டெம்டவுன்என்டபிள்யூ’ என்பது கீழே போகும் தண்டின் இடது மேல் மூலை. உங்கள் தலை 310 அலகு அகலம், வலது முனை 60 உயரத்தில் கூராக முடிகிறது என்று வையுங்கள். புள்ளியை அந்தக் கூர்முனையிலேயே வைத்தால் தண்டு நுனியில் தொங்கும். பத்து அலகு உள்ளே தள்ளி, கொஞ்சம் கீழே இறக்கி, 300, 45 என்று வையுங்கள். கோப்பில் எழுதும்போது 250ஆல் வகுத்து 1.2, 0.18 என்று எழுத வேண்டும். அங்கே கணக்கு கோட்டு இடைவெளியில்தான். நான் ஒரு தடவை வகுக்காமல் 300 என்றே போட்டு, தண்டெல்லாம் பக்கத்தை விட்டே காணாமல் போய், ஒரு ராத்திரி முழுக்க எழுத்துருவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

தடிமனும் அதே கோப்பில்தான். ஸ்மூஃபலின் மாதிரி எழுத்துருவான பிராவுராவில், கோட்டு இடைவெளிக் கணக்கில், தண்டு 0.12, பட்டை 0.5, ஐந்து கோட்டில் ஒவ்வொன்றும் 0.13. அப்பாவின் தண்டு 0.3 மில்லிமீட்டர் இருந்தால் உங்களுக்கு 0.15. பட்டையையும் அப்படியே அளந்து போடுங்கள். ஐந்து கோட்டை மட்டும் மெல்லியதாக, நேராகவே விடுங்கள். அச்சடித்த நோட்டில்தானே அப்பாவும் எழுதியிருப்பார்? எழுத்துருவுக்கு ஏற்ற அமைப்புகளைத் தானாக ஏற்றும் வசதி மியூஸ்ஸ்கோரில் இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். பழைய பதிப்பு என்றால் புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள். பழையது தன்னோடு வந்த எழுத்துருக்களை மட்டுமே பட்டியலில் காட்டும்.

மற்றவை சுருக்கமாக: வரியின் தொடக்கத்தில் வரும் டிரெபிள் கிளெஃப் குறியில் ஜி கோடு பூஜ்யத்தில், அதாவது எழுத்துருவின் அடிக்கோட்டில், வர வேண்டும். பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகளும் பூஜ்யத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. குவேவர் கொடியின் பூஜ்யம் தண்டின் நுனி.

உள்ளே வெற்றிடம் உள்ள மினிம் தலையின் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக விடுங்கள். திரையில் நன்றாகத் தெரியும். ஆனால் பாடகர் குழுவுக்குப் போவது ஜெராக்ஸின் ஜெராக்ஸ். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் மூன்றாம் நகல் எடுத்துப் பார்த்தேன், ஓட்டை அடைபட்டு, பாதி மினிம் தலை நிரம்பிய கிராட்செட் ஆகியிருந்தது. ஐந்து கோட்டின் உயரம் 7 மில்லிமீட்டர் வருமாறு ஏ4 தாளில் அச்சடித்து, அதை நகலெடுத்துச் சோதியுங்கள்.

பாட்டு வரிகளுக்கான தமிழ்க் கையெழுத்தை இதே கோப்பில் திணிக்காதீர்கள். அது தனி எழுத்துரு. கு, கூ வரிசைக்கே 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவம் வரைய வேண்டும். இது முடியட்டும், பிறகு பார்க்கலாம்.

அடுத்த கடிதத்தில் அப்பாவின் கிராட்செட் ரெஸ்ட்டை (மௌனத்துக்கான குறி) ஸ்கேன் செய்து அனுப்புங்கள். அதை ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி கிறுக்குவார்கள். அவர் எப்படிப் போட்டார் என்று பார்க்க எனக்கு ஆசை.