சாட்சி முதலில் சொன்னதைக் காட்ட அரசுத் தரப்பு மறுத்தால் என்ன செய்வது?

கேள்வி: அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் என் தம்பி மீது மோசடி வழக்கு நடக்கிறது. அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி ஒரு முன்னாள் கணக்காளர். புலனாய்வு அதிகாரிகள் முதலில் விசாரித்தபோது அவர், தம்பிக்கு இதில் பங்கில்லை என்று சொன்னதாக அறிகிறோம். அதைப் பதிவு செய்த குறிப்பு எங்களுக்குத் தரப்படவில்லை. கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துவிட்டதாக அரசு வழக்குரைஞர் சொல்கிறார். இதைத் தட்டிக்கேட்கச் சட்டம் உண்டா? காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினருக்கு எழுதினால் பயன் உண்டா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, சட்டம் உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைத்தால், அதில் தீய நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது அரசியலமைப்பு உறுதி செய்யும் முறையான சட்ட நடைமுறையை மீறுவதாகும் என்று 1963இல் பிரேடி எதிர் மேரிலாந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புலனாய்வு அதிகாரிகளுக்குத் தெரிந்ததைத் தேடி அறியும் பொறுப்பும் வழக்குரைஞருடையதே என்று 1995இல் கைல்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே, அந்தக் குறிப்பு அதிகாரியின் கோப்பில்தான் இருந்தது, தம் கைக்கு வரவில்லை என்று அரசு வழக்குரைஞர் சொல்வது ஏற்கத்தக்க பதில் ஆகாது.

சிக்கல் கடமையில் இல்லை, அதைக் கண்காணிப்பதில்தான் இருக்கிறது. அலாஸ்கா செனட்டர் டெட் ஸ்டீவன்ஸின் வழக்கு இதைக் காட்டும். தம் வீட்டில் ஒரு நிறுவனம் செய்துகொடுத்த பணிகளை நிதி அறிக்கையில் மறைத்ததாக 2008 அக்டோபரில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. சில நாள்களில் அவர் தேர்தலிலும் தோற்றார். அந்நிறுவனத்தின் தலைவரே முக்கியச் சாட்சி. அதே ஆண்டு ஏப்ரலில் நடந்த விசாரணையில் பணிகளின் மதிப்பு சுமார் 80,000 டாலர் என்று அவர் சொன்னதை வழக்குரைஞர்கள் கையால் குறித்துவைத்திருந்தனர். அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னதோ 2,50,000 டாலருக்கு மேல். அந்தக் கையெழுத்துக் குறிப்பு எதிர்த்தரப்புக்குத் தரப்படவில்லை, முறையான விசாரணை அறிக்கையும் எழுதப்படவில்லை. 2009 ஏப்ரலில் நீதிபதி எம்மெட் சல்லிவன் தீர்ப்பை ரத்து செய்து, நடந்ததை ஆராய ஒரு வழக்கறிஞரை நியமித்தார். சாதகமான ஆதாரங்கள் தொடர்ந்து மறைக்கப்பட்டன என்று 2012 மார்ச்சில் வெளியான அந்த வழக்கறிஞரின் அறிக்கை உறுதி செய்தது. ஆயினும், அவற்றை ஒப்படைக்கும்படி நீதிபதி தெளிவான உத்தரவு எதையும் பிறப்பித்திருக்கவில்லை என்பதால், நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையை அது பரிந்துரைக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை.

அதே மாதம் செனட் நீதிக் குழு இது குறித்து விசாரணை நடத்தியது. வெளிப்படுத்தும் கடமையை விரிவாக வரையறுக்க அந்த ஆண்டு கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறவில்லை. 2020 அக்டோபரில் சட்டமான முறையான நடைமுறைப் பாதுகாப்புச் சட்டம் அதைவிடச் சிறியதுதான், ஆனால் அந்த அறிக்கை காட்டிய ஓட்டையை நேராக அடைக்கிறது: இரு தரப்பு வழக்கறிஞர்களும் வரும் முதல் அமர்விலேயே, பிரேடி கடமையையும் அதை மீறினால் வரக்கூடிய விளைவுகளையும் நினைவூட்டி, நீதிபதி வாய்மொழியாகவும் எழுத்திலும் உத்தரவிட வேண்டும்.

எனவே உங்கள் வழக்கறிஞர் முதலில் அந்த எழுத்து உத்தரவின் நகலை எடுக்கட்டும். பிறகு, எந்தச் சாட்சி, ஏறத்தாழ எந்த நாளில், எந்த அதிகாரியிடம், என்ன சொன்னார் என்று குறிப்பிட்டு அரசு வழக்குரைஞருக்குக் கடிதம் எழுதட்டும். கையெழுத்துக் குறிப்புகளையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மழுப்பலான பதில் வந்தால், உத்தரவை மேற்கோள் காட்டி நீதிபதியிடம் மனு செய்யலாம்.

காங்கிரஸ் உறுப்பினரால் நடக்கும் வழக்கில் தலையிட இயலாது. காங்கிரஸின் குழுக்கள், அரசு வழக்குரைஞர்கள் பணியாற்றும் நீதி அமைச்சகத்தின் பொதுவான போக்கைத்தான் கேள்வி கேட்கும். அந்த அமைச்சகத்தின் தொழில்முறைப் பொறுப்பு அலுவலகத்தில் புகார் செய்யலாம் என்றாலும், அதன் முடிவுக்காகக் காத்திருந்தால் வழக்கு கைநழுவிவிடும்.

ஒன்றில் மிகுந்த கவனம் தேவை. சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் ஆதாரத்தை, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் உடன்பாட்டுக்கு முன்பே தர வேண்டியதில்லை என்று 2002இல் ரூயிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. நீங்கள் கேட்கும் குறிப்பையும் அரசுத் தரப்பு அந்த வகையில் சேர்க்கப் பார்க்கும். தம்பிக்குப் பங்கில்லை என்ற கூற்று குற்றமின்மையையே காட்டுகிறது என்று மனுவில் வாதிட வேண்டும்; அதற்குப் பதில் வரும்வரை உங்கள் தம்பி எந்த ஒப்புதல் உடன்பாட்டிலும் கையெழுத்திட வேண்டாம்.