வித்தியாசத்தை வைத்து மட்டும் எழுதலாமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் தொகுதியில் 1996 முதல் ஐந்து முறை நின்ற எம்.எல்.ஏ. ஒருவரின் தேர்தல் வரலாற்றை ஊர் மலருக்கு எழுதுகிறேன். 2006ஐ விட 2011இல் குறைந்த வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். செல்வாக்கு சரிந்தது என்று எழுதலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். 2008 தொகுதி மறுசீரமைப்பு ஆணையின் எல்லைகள் தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் முதன்முதலாக அமலானது 2011இல்தான். 234 என்ற எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் பல தொகுதிகள் பழைய பெயரிலேயே வேறு ஊர்களைக் கொண்டவை ஆகிவிட்டன. அவருக்கு அள்ளிக் கொடுத்த கிராமங்கள் பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டனவா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, வித்தியாசம் என்பது முதல் இருவரின் கழித்தல் கணக்குதான். மும்முனைப் போட்டியில் 38 சதவீதம் வாங்கியவர், எதிரிகள் ஓட்டைப் பிரித்துக்கொண்டால் பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பார். நேரடிப் போட்டியில் 51 சதவீதம் வாங்கியவர் நூலிழையில் தப்புவார். இதில் யாருக்குச் செல்வாக்கு அதிகம்? ஆகவே ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்கு சதவீதம், எதிர்த்து நின்றவர்கள், கூட்டணி மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். விஜயகாந்த் 2006இல் விருத்தாசலத்தில் தனித்து நின்று வென்றார். 2011இல் ரிஷிவந்தியத்தில் அ.தி.மு.க. கூட்டணியோடு வென்றார், 2016இல் மக்கள் நலக் கூட்டணியோடு உளுந்தூர்பேட்டையில் நின்று டெபாசிட்டையே இழந்தார். தொகுதியையும் கூட்டணியையும் விட்டுவிட்டால் இந்த மூன்று முடிவுகளுக்கும் பொருளே இல்லை.

மாநில அலையும் முக்கியம். 1991இல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் தி.மு.க. அடியோடு சாய்ந்தபோது, கருணாநிதி சென்னை துறைமுகம் தொகுதியில் 890 ஓட்டில் வென்றார். அந்த ஆண்டில் அது சின்ன வெற்றியே அல்ல.

தோற்ற தேர்தல்களில் டெபாசிட் கணக்கைச் சரியாகப் போடுங்கள். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் பணம் திரும்பும். மொத்தத்தில் நோட்டாவைச் சேர்த்துவிட்டால் கணக்கு தவறிவிடும்.

வாக்குச்சாவடி வாரியான ஓட்டு, இறுதி முடிவுத் தாளான படிவம் 20இல் இருக்கும். அதில் பலரும் சறுக்குவது பூத் எண்ணில்தான். வாக்காளர் பெருகி ஒரு பூத்தை இரண்டாக்கினால் அதற்குப் பின்னுள்ள எண்களெல்லாம் நகர்ந்துவிடும். 2006இன் 47ஆம் பூத்தை 2011இன் 47ஓடு ஒப்பிட்டால் வேறு ஊரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பள்ளிக்கூடத்தின் பெயரையும் கிராமத்தின் பெயரையும் வைத்துப் பொருத்துங்கள். தபால் ஓட்டு தனி வரியில் வரும், கூட்டும்போது விட்டுவிடாதீர்கள்.

அவர் பெயரிலேயே நின்ற சுயேச்சைகள் வாங்கிய ஓட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்த வித்தியாசத்தில் தோற்ற ஆண்டு ஏதாவது இருந்தால், அந்த ஓட்டுக்கும் தோல்விக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்த்துவிட்டே எழுதுங்கள்.