100 கிமீ ஓட்டிடலாம், ஆனா மொதல்ல அக்காகிட்ட கேளுங்க

கேள்வி: அக்கா பையன் போன வருஷம் லுக்கீமியால எங்கள விட்டு போய்ட்டான், ஏழு வயசு. செப்டம்பர் குழந்தைகள் கேன்சர் விழிப்புணர்வு மாசம்ங்கறதால அப்ப அவன் நினைவா 100 கிமீ சைக்கிள் ஓட்டி நிதி திரட்டலாம்னு இருக்கேன். 12 வாரம் இருக்கு, இதுவரை 20 கிமீ தாண்டினதில்ல. முடியுமா?

முடியும்ங்க, 12 வாரம் தாராளம். ஆனா அக்கா மாமாகிட்ட கேட்டுட்டீங்களா? பையன் போட்டோவோட நிதி திரட்டற லிங்க்க ஷேர் பண்ணிட்டா அது எங்கெங்கயோ சுத்தி ஏதோ ஒரு க்ரூப்ல அவங்க கண்ணுலயே படும், அதுவும் முடி கொட்டின ஹாஸ்பிடல் போட்டோவா இருந்தா அன்னிக்கு பூரா அவங்களுக்கு போச்சு. எந்த போட்டோ, பேர் போடலாமா வேணாமா, எல்லாம் அவங்களே சொல்லட்டும்.

பயிற்சிக்கு வாரம் மூணு நாள் போதும், ரெண்டு நாள் ஒரு மணி நேரம், ஒரு நாள் நீள ரைடு. நீள ரைடு 25ல ஆரம்பிச்சு வாரம் ஏழெட்டு கிமீ கூட்டுங்க, நாலு வாரத்துக்கு ஒருதடவ கொறச்சுக்கோங்க. மூச்சு வாங்காம பேசிட்டே ஓட்டற வேகம் போதும். 80 தொட்டாச்சுன்னா 100 தானா வந்துடும், கடைசி வாரம் ரெஸ்ட். பிபி, நெஞ்சு வலின்னு ஏதாவது இருந்தா டாக்டர பாத்துட்டு ஆரம்பிங்க.

நெறய பேரு சீட்ட ரொம்ப தாழ்வா வச்சுட்டு முட்டி வலிக்குதும்பாங்க. குதிகால பெடல்ல வச்சு பெடல அடில கொண்டு போங்க, இடுப்பு சாயாம கால் நேரா நீளணும், அதான் உங்க சீட்டோட உயரம். முன்பாதத்துல மிதிக்கறப்ப முட்டி லேசா மடங்கி நிக்கும். பேட் வச்ச ஷார்ட்ஸ் உள்ளாடை இல்லாம போடணும், எனக்கு யாரும் சொல்லல, தொட உரிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது.

பசிக்கறதுக்கு முன்னாடியே சாப்பிடுங்க, மணிக்கு 30லேர்ந்து 60 கிராம் கார்போ, அதாவது ரெண்டு வாழைப்பழம் கணக்கு. 60, 70 கிமீல ரத்தத்துல சக்கர எறங்கினா காலோட சேர்ந்து மனசும் எறங்கும், உங்களுக்கு அந்த நேரம் பையன் ஞாபகமும் சேர்ந்து வரும், ஓரமா நிறுத்தி அழுங்க தப்பில்ல, ஆனா மொதல்ல ஏதாவது வாயில போடுங்க.

பணம் உங்க அக்கவுண்ட்டுக்கு வரவே வேணாம், நீங்க எந்த அமைப்புக்கு குடுக்கறீங்களோ நேரா அவங்க அக்கவுண்ட்டுக்கு போகட்டும், உங்க செலவு உங்க பாக்கெட்லேர்ந்து. அந்த பணம் ஆராய்ச்சிக்கு போகுதா, குடும்பங்களுக்கான உதவிக்கு போகுதான்னும் அவங்ககிட்ட கேட்டுக்கோங்க. வசதியான நாடுகள்ல கேன்சர் வந்த குழந்தைங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல பொழச்சுக்கறாங்க, பல ஏழை நாடுகள்ல 30 சதவீதம் கூட இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மருந்து இல்லாதது மட்டும் காரணமில்ல, குழந்தைங்களுக்கு அதிகமா வர்ற லுக்கீமியாவுக்கு ரெண்டு மூணு வருஷம் ட்ரீட்மெண்ட், போக்குவரத்துக்கும் தங்கறதுக்கும் வழியில்லாம பாதில நிறுத்திடறவங்க உண்டு. என்னக் கேட்டா அந்த செலவுக்கே குடுக்கலாம்.

ரைடு முடியற எடத்துல அக்கா வந்து நிக்கணும்னு எதிர்பாக்காதீங்க. வரலன்னா குளிச்சிட்டு சாயங்காலம் நீங்க அவங்க வீட்டுக்கு போய்ட்டு வாங்க.