பகா எண்களில் விநோத வரிசைகளைத் தேடுவது ஒரு பொழுதுபோக்கா? கணிதம் படிக்காதவர்களும் தேடலாமா?

தாராளமாகத் தேடலாம். நானும் கணிதப் பட்டதாரி இல்லை, வரவு செலவுக் கணக்கு பார்ப்பவன். பள்ளிக்கூடத்து வகுத்தலும் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழியும் தெரிந்தால் போதும்.

இதைப் பாருங்கள்: 31, 331, 3331, 33331, 333331, 3333331, 33333331. ஏழுமே பகா எண்கள்! எட்டாவதும் அப்படித்தான் இருக்கும் என்று யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் 333333331 என்பது 17 × 19607843. வரிசை அங்கே அறுந்துவிடுகிறது.

அந்த ஏழு எண்களைவிட, வரிசை ஏன் நீடிக்க முடியாது என்பதுதான் எனக்கு ருசி. பதினைந்து 3களை வரிசையாக எழுதுங்கள். அந்த எண் 31ஆல் மீதியின்றி வகுபடும். அப்படியென்றால் 31க்கு முன்னால் பதினைந்து 3 ஒட்டினால் கிடைப்பதும் 31ஆல் வகுபட்டே ஆக வேண்டும். 17 இடையில் வராமல் போயிருந்தாலும், வரிசையின் முதல் எண்ணே பின்னால் வருவதைக் கெடுத்திருக்கும். பேப்பரில் போட்டே சரிபார்க்கலாம்.

இன்னொன்று: 12345678910987654321. பத்து வரை ஏறி, ஒன்று வரை இறங்குகிறது. இதுவும் பகா எண். அழகுதான், ஆனால் வாயைப் பிளக்க வேண்டாம். இந்த அளவுள்ள எண்களில் சராசரியாக 44க்கு ஒன்று பகா எண். 1, 3, 7, 9 இவற்றில் முடிபவற்றை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 18க்கு ஒன்று. அதாவது இப்படி இருபது அழகான எண்களைச் சோதித்தால் ஒன்றாவது மாட்டும் என்று எதிர்பார்க்கலாம். இணையத்தில் சுற்றும் 'அதிசய எண்கள்' பலவும் இந்த ரகம். எனக்கு ஏதாவது சிக்கினால், எத்தனை எண்களைக் கழித்துக்கட்டிய பிறகு இது சிக்கியது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அப்போ எல்லாமே தற்செயல்தானா? இல்லை. சென்னையில் வளர்ந்த கண்ணன் சௌந்தரராஜன், ராபர்ட் லெம்கே ஆலிவர் என்ற இரண்டு கணித ஆய்வாளர்கள் 2016இல் அடுத்தடுத்த பகா எண்களின் கடைசி இலக்கங்களை ஒப்பிட்டார்கள். மொத்தமாக எண்ணினால் 1, 3, 7, 9 நான்கும் கிட்டத்தட்ட சமமாக வரும். ஆனால் முதல் நூறு கோடி பகா எண்களில், 9இல் முடியும் ஒன்றுக்கு அடுத்தது மறுபடி 9இல் முடிவதைவிட 1இல் முடிவது ஏறக்குறைய 65 சதவீதம் அதிகம். '9க்கு 1 பக்கம், அடுத்த 9 தூரம், அதனால்தானே?' என்று கேட்பீர்கள். அது ஒரு பங்குதான். சாய்வு அதையும் தாண்டி இருக்கிறது. எண்கள் பெரிதாகப் பெரிதாக மிக மெதுவாகக் குறைகிறது. அவர்கள் தரும் விளக்கம் ஹார்டி, லிட்டில்வுட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர்கள் இருவரின் ஊகத்தின் மேல் நிற்கிறது. அந்த ஊகம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. இத்தனை காலம் எல்லார் கண்முன்னாலும் கிடந்த விஷயம் இது!

வேலைவெட்டி இல்லாத வேலை என்று வீட்டில் சொன்னால் தாமஸ் நைஸ்லியின் கதையைச் சொல்லுங்கள். இரண்டு வித்தியாசத்தில் வரும் இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்த அமெரிக்கப் பேராசிரியர் அவர். 1994இல் விடை சரியாக வராமல் துருவியபோது, இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் கணினிச் சிப் வகுத்தலிலேயே தப்பு செய்வதைக் கண்டுபிடித்தார். இன்டெலுக்கு அதனால் 47.5 கோடி டாலர் செலவு.

உலகிலேயே பெரிய பகா எண்ணைத் தேடும் போட்டிக்கு நான் போவதில்லை. 2024இல் கிடைத்ததற்கு நாலு கோடிக்கும் மேல் இலக்கங்கள். அது கணினிகளின் பந்தயம். நீங்கள் எந்தக் கடைசி இலக்கத்துக்கு அடுத்து எது எத்தனை முறை வருகிறது என்ற அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். பத்து லட்சம் பகா எண்களுக்குப் பைத்தானில் பத்துப் பதினைந்து வரி போதும், சாதாரண லேப்டாப்பே தாங்கும். அது வந்துவிட்டால் கடைசி இலக்கத்துக்குப் பதிலாக 7ஆல் வகுத்த மீதியை வைத்துப் போட்டுப் பாருங்கள்.