சோடா கம்பெனி பதில்கள்

"கிறிஸ்துமஸுக்காக எங்கள் வீட்டில் மாமியார் காலத்திலிருந்து பீங்கான் ஜாடியில் கறுப்புத் திராட்சை ஒயின் போடுகிறோம். இந்த வருஷம் அதைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து இறுக்கி மூடிவைத்தால் ஷாம்பெய்ன் மாதிரி பொங்கும் என்கிறான் என் மகன். இங்கிலாந்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்ததாக எழுதியிருந்தீர்கள். அவன் சொல்வது சரியா?"
— ஒரு வாசகி, பெரம்பூர்

சரிதான் அம்மா. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

(உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவதையே 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் ஒத்துக்கொள்வதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் ஆசிரியர் என்னைத் திட்டுவார். சொல்லிவிட்டேன்.)

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றால் போதையும் வரும், கரியமில வாயுவும் வரும். ஜாடி வாயில் துணி கட்டி வைக்கிறீர்களே, அந்த வழியாக வாயு போய்விடுகிறது. இறுக்கி மூடிய பாட்டிலில் அது எங்கே போகும்? ஒயினுக்குள்ளேயே கரைந்து கிடக்கும். ஷாம்பெய்ன் வித்தையே அதுதான். ஆனால் அங்கே சர்க்கரை ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லாத ஒயினை எடுத்து, லிட்டருக்கு சுமார் 24 கிராம் என்று எடை போட்டுச் சேர்க்கிறார்கள். அந்தத் துளிச் சர்க்கரைக்கே பாட்டிலுக்குள் வெளிக்காற்றைப்போல ஆறு மடங்கு அழுத்தம் ஏறும். கார் டயரில் அதில் பாதிகூட இருக்காது. உங்கள் ஜாடி ஒயினில் எவ்வளவு சர்க்கரை மிச்சமிருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதன்மேல் உங்கள் பிள்ளை இரண்டு ஸ்பூன் போட்டு, பழைய ஜூஸ் பாட்டிலில் அடைப்பான்.

என் இடது புருவத்தில் நான்கு தையல் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா கோலி சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஒரு ஓட்டு வீடு, ஒரு கேஸ் சிலிண்டர், கையால் சுற்றுகிற ஒரு மெஷின். பாட்டிலை அதில் மாட்டி, கேஸைத் திறந்து சக்கரத்தைச் சுற்றினால் பாட்டில் தலைகீழாகும். கோலி கழுத்துக்கு வந்து ரப்பர் வளையத்தில் கச்சென்று உட்காரும். காசிமேடு, கல்மண்டபம் கடைகளிலிருந்து மீன்பாடி வண்டியில் திரும்பி வரும் காலி பாட்டிலை ஒவ்வொன்றாக எடுத்து அப்பா தன் மோதிரத்தால் தட்டுவார். கணீரென்றால் இந்தப் பக்கம், மொத்தென்றால் குப்பைக்கு. ஒருநாள் அவர் வசூலுக்குப் போயிருந்தார். ஒன்பதாம் வகுப்புப் பையனான நான் தட்டாமலே மாட்டினேன். விரிசல் விட்ட பாட்டில். கண் தப்பியது.

ஃபிரான்ஸில் ஷாம்பெய்ன் பிரதேசத்திலும் இதே கதைதான். சர்க்கரைக் கணக்கு பிடிபடாத காலத்தில், பாதாள அறையில் ஒரு பாட்டில் வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வெடிக்கும். வேலைக்காரர்கள் முகத்தில் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள். 1830-களில் ஒரு மருந்துக்கடைக்காரர் இவ்வளவு அழுத்தத்துக்கு இவ்வளவு சர்க்கரை என்று கணக்குப் போட்டுக் கொடுத்த பிறகுதான் சேதம் குறைய ஆரம்பித்தது.

நான் பார்த்த தோட்டம் சஸ்ஸெக்ஸில், என் பெண் குடியிருக்கும் ஊருக்குப் பக்கத்தில். ஏழு ஏக்கர். கணவன், மனைவி, கணவனின் அம்மா, மூன்று பேர்தான். ஷாம்பெய்ன் பிரதேசத்தில் விளைந்ததற்குத்தான் அந்தப் பெயர் என்பதால் இவர்கள் வெறும் ஸ்பார்க்ளிங் ஒயின் என்று லேபிள் ஒட்டுகிறார்கள். மண் என்னவோ அங்கே மாதிரியே சுண்ணாம்பு மண், பள்ளிக்கூட சாக்பீஸ் போல விரலில் ஒட்டுகிறது. அக்டோபரில் அறுவடை. அக்கம்பக்கத்தார் கத்திரியோடு வந்து கைகொடுக்கிறார்கள். மத்தியானம் சூப், ரொட்டி. நானும் இரண்டு கூடை அறுத்தேன், முதுகு பிடித்துக்கொண்டது.

செடி நட்டு மூன்றாம் வருஷம்தான் காய்ப்பு. பிழிந்த ஒயினைப் பாட்டிலில் அடைத்து, இறந்த ஈஸ்ட் மண்டியோடு இன்னும் மூன்று வருஷம் படுக்க வைக்கிறார்கள். நடுவில் மே மாதம் ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் துளிரெல்லாம் கருகிப்போகும். அதற்காக வரிசை வரிசையாக மெழுகு டப்பா கொளுத்திவைத்து விடிய விடிய முழித்திருப்பார்களாம். அப்பா காலையில் போட்ட சோடாவை மத்தியானம் காசாக்கியவர். ஏழு வருஷம் முதல் முடக்குகிற தொழில் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

எனக்கு அங்கே பிடித்தது மண்டி எடுக்கிற வேலைதான். ஓட்டை போட்ட மரப்பலகையில் பாட்டில்களைத் தலைகீழாகச் செருகி, தினமும் ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் சாய்க்கிறார்கள். பல வாரம் கழித்து மண்டி மொத்தமும் கழுத்துக்கு வந்துவிடும். அப்போது கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால், உள்ளே இருக்கும் அழுத்தமே மண்டியை ஐஸ் கட்டியாக வெளியே துப்பிவிடும். மிச்சம் கண்ணாடி மாதிரி தெளிவு. குறைந்த இடத்தில் கொஞ்சம் ஒயின் ஊற்றி, கார்க் அடித்து, கம்பிக்கூடு மாட்டினால் முடிந்தது. பெரிய கம்பெனிகளில் மெஷினே திருப்புகிறது. இங்கே மருமகள் திருப்புகிறார், இரண்டு கையாலும், பியானோ வாசிக்கிற வேகத்தில். நான் பழக்கதோஷத்தில் ஒரு காலி பாட்டிலைத் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. சும்மாவா, ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்கு மேல் கனம்.

ஜாடியை ஜாடியாகவே விடுங்கள் அம்மா. நுரை வேண்டுமென்றால் பன்னீர் சோடா இருக்கிறது.

"நம் கம்பம் பன்னீர் திராட்சையில் இதைச் செய்ய முடியாதா?"
— ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

நுரைக்கிற ஒயினுக்குப் புளிப்பு முக்கியம் தம்பி. குளிர் ஊரில் திராட்சை மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு தங்கும். நம் வெயிலில் சர்க்கரை ஏறுகிற வேகத்தில் புளிப்பு இறங்கிவிடும். நாசிக்கில் முன்கூட்டியே அறுத்துச் சமாளிக்கிறார்கள், நல்ல சரக்கும் வருகிறது. கம்பம் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வாசனைக்கு அதைப் பழமாகத் தின்பதுதான் மரியாதை என்பது என் கட்சி.

"அங்கே நீங்கள் குடித்தீர்களா இல்லையா? மழுப்பாமல் சொல்லவும்."
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அரை கிளாஸ். வீட்டுக்காரி எதிரில் உட்கார்ந்திருந்தாள். மாங்காய்ப் புளிப்பு, கூடவே சுட்ட ரொட்டி வாசனை. அது மண்டியோடு படுத்திருந்ததால் வருவதாம். அடுத்த முறை போனபோது பதிலுக்கு ஒரு காலி கோலி சோடா பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இங்கிலாந்துக்காரர் ஒருவர் 1870-களில் கண்டுபிடித்த பாட்டில்தான், ஆனால் அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. மாமியார் அதைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன வாய் வழியாகக் கோலி எப்படி உள்ளே போனது என்றார். கோலியைப் போட்ட பிறகுதான் வாயைச் சுருக்குவார்கள் என்றேன். நம்பவில்லை, மருமகளைக் கூப்பிட்டு மறுபடி கேட்கச் சொன்னார்.